நாற்பது சென்டிமீட்டர்

பார்பர்டனில் நாலு மணிக்குத்தான்
வெயில் தகரக் கொட்டகைக்குள் முழுசாக வருகிறது.
தட்டுத்தட்டாகப் பாறை உருளைகள்,
சிலவற்றின் மேல் உதிர்ந்த ஜக்கராந்தாப் பூ.
முசாவென்கோசி வாளியோடு வந்து தெளிக்கிறார்.
நனைந்தால்தான் கல் தன் நிறத்தை ஒப்புக்கொள்ளும்.

துளை நாற்பத்தேழு.
இருநூற்றுப் பதினெட்டாம் மீட்டரில்
டன்னுக்கு முப்பத்தொரு கிராம் தங்கம்.
இந்த மலையில் அப்படி ஓர் எண்
வருடத்துக்கு ஒருமுறை வந்தால் அதிகம்.
ஆனால் அது உட்கார்ந்திருப்பது
நான் வரைந்த கோட்டுக்கு நாற்பது சென்டிமீட்டர் மேலே,
வெறுங்கல் என்று நானே பெயரெழுதிய பக்கம்.

காலையில் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து ஃபான் ஸ்டாடன்:
"கோட்டைக் கொஞ்சம் தளர்த்து, மொகாம்பரி.
இருபது மீட்டர் போதும்.
அந்தப் பக்கத்து மாதிரி
இந்தப் பக்கத்துக் கட்டத்தையும் பார்க்கட்டுமே."
பார்க்கட்டுமே.
பக்கத்து இலைக்குப் பாயசம் கேட்கிற குரலை
பட்ஜெட் கூட்டங்களில் நிறையக் கேட்டிருக்கிறேன்.

தளர்த்தினால் என்ன ஆகும்?
கணினி நல்ல பிள்ளை, சொன்னதைச் செய்யும்.
தாதுவின் எட்டு கிராமை எடுத்து
ஒன்றுமில்லாத கட்டங்களுக்கெல்லாம் பங்கு வைக்கும்.
திரையில் நீலம் மஞ்சளாகும், மஞ்சள் சிவப்பாகும்,
அறிக்கையில் நாலு லட்சம் டன் கூடும்.
பிறகு ஒருநாள் முந்நூறு பேர்
அந்த நிறத்தை நம்பி உள்ளே இறங்குவார்கள்.
ஆலைக்கு வந்து சேர்வது கல் மாவு.

இறுக்கினால்?
அந்த முப்பத்தொன்று அனாதை.
வெறுங்கல்லுக்குள் தனியாக மாட்டிக்கொண்டு
தன்னைச் சுற்றி இல்லாத செல்வத்தை உண்டாக்கும்.
அதுவும் பொய்தான். சின்னப் பொய்.

எங்கள் மொழியில் நிலத்தை வகுத்தவர்கள்
திணை என்றார்கள்.
ஒரு திணை இன்னொன்றில் கலப்பதற்கும்
மயக்கம் என்று மறக்காமல் பெயர் வைத்தார்கள்.
என் மென்பொருளில் அதற்கு ஒரு சதுரம்:
டிக் போடலாம், போடாமலும் விடலாம்.

நகராட்சி அலுவலகத்தில் ஒரு பழைய வரைபடம் பார்த்தேன்.
ரூலர் வைத்து இழுத்த இளஞ்சிவப்பு மை.
அது ஒரு துணிக்கடையின் நடுவே போகிறது,
கல்லாப்பெட்டி ஒரு பக்கம், அடுப்பு ஒரு பக்கம்.
போட்டவர் அந்தத் தெருவில்
ஒருநாளாவது வெயிலில் நின்றிருப்பார் என்று தோன்றவில்லை.
இதை ஏன் இங்கே எழுதுகிறேன்?
நானும் கோடு போட்டுப் பிழைப்பவள்.
கோட்டின் மேல் எனக்குக் கோபமில்லை.

லென்ஸை எடுத்துக்கொண்டு குந்துகிறேன்.
கீழே, தாதுவின் அடிவிளிம்பு கத்தி வெட்டு.
இங்கே முடிந்தது, ஒரு விரல் தள்ளி ஒன்றுமில்லை.
அறுபத்து மூன்று துளைகளிலும் அதே கதை:
எட்டு, எட்டரை, பிறகு பூஜ்யத்தின் பக்கத்து வீடு.
மேல்விளிம்பு வேறு சுபாவம்.
அங்கே கருங்களிப்பாறை நொறுங்கி,
நூல் நூலாய் வெள்ளைக் குவார்ட்ஸ், ஆர்சனிக் மினுக்கு.
விரற்கடை அகலத்தில் ஒன்று
என் கோட்டைச் சாய்வாகக் கடந்து போகிறது,
யாரிடமும் கேட்காமல்.
எட்டு, ஐந்து, இரண்டு.
மூன்றாம் மீட்டரில் அதுவும் தீர்ந்துவிடுகிறது.

ஆக, கீழே பூட்டு.
மேலே இரண்டு மீட்டர் திறப்பு.
இரண்டே மீட்டர்.

ஃபான் ஸ்டாடனுக்கு எழுதினேன்:
கூடுவது பதினோராயிரம் டன்.
பதில் தட்டுகிற மூன்று புள்ளிகள்
தோன்றின, மறைந்தன, மறுபடி தோன்றின.
கையெழுத்துக்கான இடத்தில்
மொகாம்பரி படையாச்சி என்று
எனக்கு முன்பே அச்சாகியிருக்கிறது.

"மூடட்டுமா?" என்கிறார் முசாவென்கோசி.
அதற்குள் உருளை காய்ந்துவிட்டது.
தாதுவும் வெறுங்கல்லும் ஒரே சாம்பல்.
கோடு எங்கே என்று இப்போது கேட்டால்
எனக்கே தெரியாது.
இன்னொரு வாளி கொண்டுவரச் சொல்கிறேன்.