முப்பது விநாடி

காப்பீட்டு அலுவலகம் கேட்டது இரண்டே படங்கள்:
பழையது ஒன்று, புதியது ஒன்று.
ஆள் இருக்கக் கூடாது.
கோபுரம் சாயாமல் நிற்க வேண்டும்.

கான்ஸ்டான்ட்சாவில் பழையது எளிது என்பார்கள்.
எங்கே எளிது?
சனிக்கிழமை போனபோது அதன் காலடியில்
மூன்று மணப்பெண்கள் வரிசையில் நின்றார்கள்,
ஆளுக்கொரு புகைப்படக்காரனோடு.
ஒரு மாப்பிள்ளை
சூரியகாந்தி விதை கொறித்து
தோலைக் கடல் பார்த்துத் துப்பினான்.
காற்று அதை அவன் கோட்டுக்கே திருப்பித் தந்தது.

நாலைந்து ஆள் உயரம்தான் அது.
எதிர்வீட்டு மாடியில் காயும் போர்வை
அதைவிட மேலே ஆடுகிறது.
எந்தக் கலமும் இனி அதைத் தேடாது.
விளக்கறைக்குள் புறா போகிறது, வருகிறது.

புதியது துறைமுக வேலிக்கு அப்பால்.
காவலன் நெக்குலாய்
என் அனுமதிச் சீட்டைத் தள்ளிப் பிடித்துப் படித்தான்.
சேவில் இப்ராம் என்ற என் பெயரைச்
செல்லாக்காசைச் சுண்டிப் பார்ப்பதுபோல்
இரண்டு முறை சொல்லிப் பார்த்தான்.
"தாத்தாரா? என் வீட்டுக்காரியும்தான்"
என்று கதவைத் திறந்தான்.
வெள்ளைக் கான்கிரீட், ஏணி, கேபிள்,
துருப்பிடித்த ஏசியின் முதுகு.
இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்தது.

இரவு பழையதிடம் திரும்பினேன்.
வாடை கிளம்பியிருந்தது,
இந்த ஊரில் அதற்கு கிரிவட்ஸ் என்று பெயர்.
முக்காலி பறக்காமலிருக்கப்
பையை அதில் கட்டித் தொங்கவிட்டேன்.
ஷட்டரை முப்பது விநாடி திறந்துவைத்தால்
ஓரிடத்தில் நிற்காதவர் யாரும் பதியமாட்டார்.
எண்ணத் தொடங்கினேன்.
பதினொன்றில் ஒருவன் குறுக்கே வந்தான்.
ஷிஃப்ட் முடிந்த நெக்குலாய்.
"இன்னும் வீட்டுக்குப் போகலையா?"
நான் வாய் திறக்கவில்லை,
எண்ணிக்கை தப்பிவிடும்.

படத்தில் அவன் இல்லை.
கல் இருக்கிறது, பூசிய சாந்து இருக்கிறது.
கீழே, இடுப்பு உயரத்தில்,
ஒரு சிவப்புக் கோடு
கோணல்மாணலாக ஓடி
ஓரிடத்தில் மேலேறி, பளிச்சிட்டு,
மறுபடி இறங்குகிறது.
அங்கேதான் ஓர் இழுப்பு இழுத்திருக்கிறான்.

அலுவலகத்திலிருந்து திரு. பெர்ச்சா எழுதினார்:
புதியது சரி. பழையதில் கீறல் விழுந்திருக்கிறது,
நீக்கித் தரவும்.
நீக்கித் தந்தேன்.
செவ்வாய்க்கிழமை பணம் வந்தது.

கீறலோடு இருப்பதை அச்செடுத்து
வேலிக்கதவில் நீட்டினேன்.
"இதில் நான் எங்கே?"
விரலால் காட்டினேன்.
கண்ணுக்கு அருகில் வைத்தான், தள்ளி வைத்தான்,
கோட்டை நகத்தால் ஒரு தடவை தொடர்ந்தான்.
பிறகு அக்கம்பக்கம் பார்த்துத்
திருப்பிக் கொடுத்துவிட்டான்.

"சிகரெட்டை விட்டு ஒரு வருஷம் ஆச்சு என்று
வீட்டில் சொல்லிவைத்திருக்கிறேன்.
நீயே வைத்துக்கொள்."