தண்ணீர் நீளமாக இருக்கிறது

பதினோரு பக்கப் படிவம்.
முருகேஷ்பாளையாவில் மின்சாரம் போன ராத்திரி
கைபேசி வெளிச்சத்தில் நான்தான் நிரப்பினேன்.
ஒவ்வாமை: தூசி.
உணவு: மீன் தொடமாட்டாள்.
உறக்கம்: பத்தரை.
(பொய். ஒன்றரை.)
குணம் என்ற இடத்தில்
ஒரு விரற்கடைக் கோடுதான் விட்டிருந்தார்கள்.
அமைதியானவள் என்று எழுதினேன்.
பக்கத்தில் நின்ற மதுவந்தி சிரித்தாள்,
அடிக்கச் சொல்லவில்லை.

இப்போது அவள் தொயாமாவில்.
எங்களைவிட மூன்றரை மணி முன்னால் வாழ்கிறாள்.
நான் பால் பாக்கெட் வெட்டும்போது
அங்கே இரண்டாவது பீரியட்.
பரிசோதனைக் கூடத்தில்
கடைசி ரத்தக் குப்பிக்கு நான் பெயர் ஒட்டும்போது
அவள் தூங்கியிருக்க வேண்டும்,
படிவத்தின்படி.

முதல் மாதமே ஒரு படம் வந்தது.
தாழ்ந்த மேசையைச் சுற்றி நாலு பேர்.
மதுவந்தியின் குச்சிகளுக்கு நடுவில் மீன்.
தலையோடு.
விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன்
மீனை, பிறகு அவள் வாயை,
பிறகு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த
கிதாஜிமா நொரிகோவை.
கண்ணாடி போட்ட சின்ன உருவம்.
அஞ்சலகத்தில் வேலையாம்.
இவள் அவரை ஒகாசான் என்கிறாள்.
அர்த்தத்தைக் கைபேசியில் தேடினேன்.
இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

மீன்தானே என்றார் இவர்.
மீன்தான்.

ஜனவரியில் நொரிகோவிடமிருந்து ஒரு மடல்,
தமிழில்.
எந்திரம் பெயர்த்த தமிழ்,
அவசரத்தில் சட்டையைத்
திருப்பிப் போட்டுக்கொண்டு வந்த மாதிரி.

"மதிப்பிற்குரிய தாய் திருமதி அவர்களே,
பனி உயரமாக இருக்கிறது.
உங்கள் மகளின் குளியல் தண்ணீர்
இந்த வாரம் நீளமாக இருக்கிறது.
நாற்பது நிமிடம் என்று என் கணவர் எண்ணினார்.
இது தண்ணீர்க் கட்டணத்தின் கோபம் அல்ல.
இது உங்கள் நாட்டின் பழக்கமா
அல்லது இதயமா."

மூன்று தடவை படித்தேன்.

எங்கள் தெருவில் தண்ணீர்
லாரியில் வரும், முன்பணம் வாங்கிக்கொண்டு.
பத்தாம் வகுப்பில் ஒரு மாதம்
மதுவந்தி குழாயை முழுசாகத் திறந்துவிட்டு
குளியலறையில் நின்றாள்.
கதவை உடைப்பதுபோல் தட்டினேன்.
ஒரு லோடு என்ன விலை தெரியுமா என்று கத்தினேன்.
விலையையும் சொன்னேன்.
குழாய் நின்றது.
அப்புறம்தான் கேட்டது,
அதுவரை தண்ணீர் மறைத்து வைத்திருந்தது.

பதில் எழுத உட்கார்ந்தேன்.
பழமொழி கூடாது, எந்திரம் உடைத்துவிடும்.
எழுவாய், பயனிலை, முற்றுப்புள்ளி.

"பழக்கம் இல்லை.
கதவைத் தட்ட வேண்டாம்.
தண்ணீர் நின்ற பிறகு
சாப்பிட ஏதாவது கொடுங்கள்.
காரணம் கேட்க வேண்டாம்.
நான் கேட்டேன். தவறு."

அனுப்பிய பிறகுதான் உறைத்தது,
ஒரு நன்றிகூடப் போடவில்லை.

மறுநாள், பேருந்தில் தொங்கிக்கொண்டு போகும்போது:

"சோற்று உருண்டை இரண்டு கொடுத்தேன்.
வயிற்றில் மீன் உள்ளது.
அவள் மூன்றாவதைக் கேட்டாள்.
இன்று தண்ணீரின் நீளம் தெரியாது.
என் கணவரின் கடிகாரத்தை
நான் அலமாரியில் வைத்தேன்."

நடத்துநர் இரண்டு முறை கேட்டுவிட்டாராம் டிக்கெட் எங்கே என்று.

இன்று ராத்திரி பத்து மணிக்கு மதுவந்தி கூப்பிட்டாள்.
அங்கே ஒன்றரை.
பனி ஜன்னல் வரைக்கும் வந்திருச்சு என்றாள்.
ஒரு பையன் பெயரைச் சொல்ல வந்து
பூனையைப் பற்றிப் பேசினாள்.
நான் கேட்கவில்லை.
மீன் எப்படி இருக்கு என்றேன்.
கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.
முள்ளு எடுக்கப் பழகிட்டேன்மா.

கீழே லாரி வந்து நின்றது.
தடித்த குழாயைத் தொட்டிக்குள் இறக்கிவிட்டு
ஓட்டுநர் பீடி பற்றவைத்தார்.

என்ன சத்தம் அது என்றாள்.
தண்ணி என்றேன்.
வரட்டும் என்றாள்.