தொண்ணூற்றாறு மீட்டர்

டேப்பின் ஒரு நுனியை எலாதியோ மிதித்துக்கொள்வான்.
மறுநுனியைப் பிடித்தபடி நான் நடப்பேன்.
கலாமா தாண்டி, அதகாமா பாலையில்
வெயில் மண்டையைப் பிளக்கும் பதினொரு மணிக்கு
கறுப்புக் கோட்டின்மேல் நடக்கிற
போலீஸ் உத்தியோகம் எனக்கு.

ரப்பர் எங்கே தொடங்குகிறது,
எங்கே தடிக்கிறது, எங்கே கோணுகிறது,
எங்கே சட்டென்று இல்லாமல் போகிறது.
அதற்கப்பால் கிடப்பதை
அளந்து முடிக்கும்வரை நிமிர்ந்து பார்க்கக் கூடாது.
இது எந்தப் பயிற்சியிலும் சொல்லித் தந்ததல்ல.

தொண்ணூற்றாறு மீட்டர்.
எழுதிக்கொள் என்றேன்.
எலாதியோ எழுதாமல் நின்றான்.
மறுபடி சொன்னேன்.

கணக்கு சுலபம்.
பலகையில் இருந்த நூற்றிருபதில் வந்திருந்தால்
எழுபத்தொன்றாம் மீட்டரில் கார் நின்றிருக்கும்.
இருவருக்கும் நடுவே இருபத்தைந்து மீட்டர் வெற்றுத் தார்.
ரோசால்பா நிமிர்ந்து
நாலு கெட்ட வார்த்தை திட்டியிருப்பாள்,
ஸ்டெப்னியைக் கழற்றப் போயிருப்பாள்.

நூற்றெண்பதில் வந்தான்.
எழுபத்தொன்றாம் மீட்டரிலும்
பறந்துகொண்டுதான் இருந்தது கார்.

அவள் வண்டியில் ஒரு கீறல் இல்லை.
பின்சீட்டில் மூன்று தட்டு முட்டை.
எண்ணிப் பார்த்தேன், ஏனென்று தெரியவில்லை.
தொண்ணூறு.
ஒன்றுகூட உடையவில்லை.

யெர்கோ, இருபத்தாறு வயது.
ஏழு நாள் செப்புச் சுரங்கம், ஏழு நாள் வீடு.
அன்று வீட்டுக்குப் போகிற நாள்.
அப்படி என்ன தலைபோகிற அவசரம் என்று கேட்டேன்.
கேட்ட பிறகுதான் அந்தச் சொல் என் காதில் விழுந்தது.
அவசரமெல்லாம் இல்லை, என்றான்.
குடித்திருக்கவில்லை. தூங்கவில்லை. போன் பேசவில்லை.
நெற்றியில் ரத்தம் காய்ந்திருக்க
குழந்தைபோல ஒன்றையே சொன்னான்:
ரோடு காலியாக இருந்தது.

மிச்சமிருந்தது நாற்பத்திரண்டு கிலோமீட்டர்.
ஒழுங்காக ஓட்டினால் இருபத்தொரு நிமிடம்.
அவன் ஓட்டியபடி ஓட்டினால் பதினான்கு.
அவன் வீடு போய்ச் சேரவில்லை.
அவள் போய்ச் சேர்ந்தாள்.

இந்த நாட்டில் ஒரு வழக்கம்:
சாலையோரம் உயிர் போன இடத்தில்
முழங்கால் உயரத்துக்கு ஒரு வீடு கட்டுவார்கள்.
ரோசால்பாவின் தம்பிகள் தகரத்தில் கட்டி
நீலம் அடித்தார்கள்.
பிளாஸ்டிக் பூ, ஒரு காற்றாடி,
கூரைமேல் கல்.
இந்தச் சாலையில்
வாழ்கிறவர்களின் வீடுகளைவிட
இந்த வீடுகளே அதிகம்.

இங்கே மழை கிடையாது.
டயர் கோட்டைக் கழுவ ஆளில்லை.
இரண்டு வருடமாக அது அங்கேயே கிடக்கிறது,
என் கையெழுத்தைவிடத் தெளிவாக.

சொல்ல வேண்டியதில்லைதான், சொல்கிறேன்.
போன மாதம் ஒரு மாலை
பணி முடிந்து தனியே திரும்பினேன்.
பெரிய சாலை, பொன் வெளிச்சம்,
கண்ணெட்டும் தூரம் ஒரு புள்ளி இல்லை.
எதையோ யோசித்தபடி வந்தவள்
முள்ளைப் பார்த்தேன். நூற்றறுபத்தைந்து.
வலப்பக்கம் நீலமாக ஒன்று கண்ணடித்துப் போனது.
அது அவள் வீடு.
பெயரைப் படிக்க முடியவில்லை.
படிக்க முடியாத வேகத்தில்
பெயர் என்று ஒன்று இல்லை.

எனக்கும் அவசரமில்லை.
வீட்டில் யாரும் காத்திருக்கவில்லை.
ரோடு காலியாக இருந்தது.

வண்டியைத் திருப்பிக்கொண்டு போனேன்.
கால் நடுங்கியதால் என்றுதான் நினைக்கிறேன்,
பக்தியால் அல்ல.
ஓரமாக நிறுத்தி, இறங்கி,
கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றேன்.
ஏழு நிமிடம் எவ்வளவு என்று பார்ப்போம்.

மூன்று லாரி போயின.
காற்றாடி நின்றது,
யோசித்தது, எதிர்ப்பக்கம் சுற்றியது.
ஷூவைக் கழற்றிக் கல்லை உதறினேன்,
மற்றதையும் கழற்றி உதறினேன்.
கயிறு கட்டிக்கொண்டேன்.
பூவில் படிந்த மண்ணை ஊதினேன்.
மலைநிழல் சாலையின் பாதிவரை வந்துவிட்டது.

கடிகாரத்தைப் பார்த்தேன்.
இன்னும் இரண்டு நிமிடம் இருந்தது.