வெளிவிசை

நாளைக் காலை ஒன்பது மணிக்கு இயற்பியல் தேர்வு.
இன்றிரவு கர்லிங் அரையிறுதி.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
என்ஜின் உறையாதிருக்க
லாரிகளை மின்சாரத்தில் செருகிவிட்டு வந்து
டன்வெல் ஊரில் பாதிப் பேர்
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் காப்பியோடு நிற்கிறார்கள்.

பத்தொன்பது கிலோ கருங்கல்.
பிரின் அதனோடு தானும் சறுக்கி வந்து
கைப்பிடியை விட்டுவிடுகிறாள், அவ்வளவுதான்.
விட்ட கணத்திலிருந்து
யாருக்கும் அதன்மேல் உரிமையில்லை.

முப்பத்தாறாம் பக்கம் சொல்கிறது:
போகிற பொருள் போய்க்கொண்டிருக்கக் காரணம் வேண்டாம்,
நிற்பதற்குத்தான் வேண்டும்.
படித்த அன்று எனக்குச் சிரிப்பு வந்தது.
மிதிக்காவிட்டால் தம்பியின் சைக்கிள் நிற்கிறது,
டீசல் தீர்ந்தால் அப்பாவின் டிராக்டர் நிற்கிறது.
எப்போதடா நிற்கலாம் என்று
சஸ்காச்சுவான் முழுக்கக் காத்திருப்பதாகத்தான் நினைத்தேன்,
இந்தப் பனியில் துடைப்பம் பிடிக்கும் வரை.

கல்லுக்கு ஒரு சாண் முன்னால்
மெரெத்தும் நானும் பனியின் கொப்புளங்களைத் தேய்க்கிறோம்.
தேய்த்த சூட்டில் பனி இம்மியளவு இளகும்,
உராய்வு ஒரு சுற்று இளைக்கும்.
கல்லுக்கு நாங்கள் எதையும் கொடுப்பதில்லை;
அதனிடம் பிடுங்குகிற கையைக்
கொஞ்சம் தளர்த்துகிறோம்.

வலப்பக்கம் சுழற்றிவிட்டால் கல் வலப்பக்கமே வளைகிறது.
வீட்டில் டம்ளரைக் கவிழ்த்து
மேசையில் சுழற்றித் தள்ளினேன், இடப்பக்கம் போனது.
ஏனென்று பெரிய பெரிய விஞ்ஞானிகளே
இன்னும் அடித்துக்கொள்கிறார்களாம்.
தேர்வில் வராது. நிம்மதி.

கடைசிச் சுற்று, கடைசிக் கல்.
அந்தக் கோடி வட்டத்துக்குள் நின்று
தொண்டை கிழியக் கத்துகிறாள் ஒடார்க்கா:
"தேய்! தேய்! விடாதே!"
முதுகு எரிகிறது. மூச்சு ஆவியாகக் கண்ணை மறைக்கிறது.
மெரெத்தின் தோள் என் தோளில் இடிக்க,
என் துடைப்பத்தின் விளிம்பு
கல்லைத் தொட்டது.
பூனை மீசை உரசியதுபோல.

யாரும் பார்க்கவில்லை.
கல்லும் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை.
பத்தொன்பது கிலோவின் முன் ஒரு துடைப்ப மயிர் எம்மாத்திரம்?
கணக்குப் போட்டால்
புள்ளிக்குப் பிறகு பூச்சியம் பூச்சியமாக வரும்.
ஆனால் முப்பத்தாறாம் பக்கத்தில்
'பெரிய வெளிவிசை' என்று போட்டிருக்கவில்லை.
வெறும் 'வெளிவிசை'.

இந்த ஆட்டத்தில் விசில் ஊதிக்கொண்டு எவரும் ஓடி வரமாட்டார்.
தொட்டவள்தான் சொல்ல வேண்டும்.

கோட்டுக்கு இன்னும் மூன்று மீட்டர்.
"தொட்டுட்டேன்" என்றேன்.
எனக்கே கேட்கவில்லை. இன்னொரு முறை சொன்னேன்.
சட்டப்படி நானே அதை நிறுத்த வேண்டும்.
காலைக் குறுக்கே வைத்தேன்.

அப்போதுதான் தெரிந்தது
அது எவ்வளவு ஆசையாகப் போய்க்கொண்டிருந்தது என்று.
ஆசை என்று எழுதினால் மதிப்பெண் கிடைக்காது.
நிலைமம்.
ணங்கென்று கணுக்காலில் இடித்து
என்னையும் ஒரு முழம் பின்னால் தள்ளிக்கொண்டு போய் நின்றது.
பத்தொன்பது பெருக்கல் ஒன்றேகால்,
இருபத்து மூன்றே முக்கால்.
உந்தம் இப்போது ஊதா நிறத்தில் வீங்கியிருக்கிறது.

ஜெயித்தவர்கள் தோற்றவர்களுக்கு வாங்கித் தருவது வழக்கம்.
எதிரணித் தலைவி ஆளுக்கொரு ஹாட் சாக்லெட் நீட்டினாள்.
பிரின் அதைக் குடிக்காமல் அழுதாள்.
மெரெத் என் காலணிக் கயிற்றை அவிழ்த்துவிட்டாள்.
ஒடார்க்கா பேசவில்லை,
நாற்பது கிலோமீட்டர் வேனிலும் பேசவில்லை.

ஒன்பது மணி.
முதல் கேள்வி, இரண்டு மதிப்பெண்:
முதல் விதியைக் கூறி ஓர் எடுத்துக்காட்டு தருக.
என்னிடம் அழிப்பான் இல்லை.
இருக்கிறதா என்று எல்லாப் பக்கமும் சைகை காட்டினேன்.
மூன்று வரிசைக்கு முன்னால்
தலை திருப்பாமலே ஒடார்க்கா
ஓர் அழிப்பானைத் தரையில் தள்ளிவிட்டாள்.
சொரசொரத்த தரைவிரிப்பு.
பாதி வழியில் நின்றுவிட்டது.

மீதிப் பாதி நான் நொண்டிப் போக வேண்டும்.
மணி அடிக்க இன்னும் ஐம்பது நிமிடம்.