திருத்தத்துக்குக் கையெழுத்து

லாபிஸ் செம்பனை ஆலையில்
தராசு மேடைக் கிராணி நான்.
லோரி குலையோடு ஏறும் ஒருதரம்,
கொட்டிவிட்டு வெறும் வயிற்றோடு ஏறும் மறுதரம்.
கழித்து வருவதை எழுதுவேன்.
எட்டு வருஷத்தில் ஒரு ரசீதிலும்
கூட்டியதில்லை, குறைத்ததில்லை.
"இருநூறு கிலோ ஏத்திப் போடுக்கா" என்று
கண்ணடித்த டிரைவர்களின் மூக்குக்கு நேரே
சன்னலைச் சாத்தியிருக்கிறேன்.

அப்படிப்பட்ட நான்தான்
கிஷேந்திரனின் கிளினிக் தாளில்
பொய் எழுதினேன்.

பதினெட்டு மாதம் அவனுக்கு.
மிஸ்ஸி நோராய்னி கொடுத்த தாளில்
மலாயில் கேள்விகள்,
எதிரே யா, தீடாக் என்று இரண்டு கட்டம்.
வேண்டியதை விரலால் சுட்டிக் காட்டுகிறானா?

அவன் சுட்டுவதில்லை.
என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப் போவான்.
பிஸ்கட் டின்மேல் என் கையைக் கொண்டுபோய் வைப்பான்,
குறடை எடுத்து ஆணிமேல் வைப்பதுபோல.
குறடுக்கு முகம் உண்டா, நிமிர்ந்து பார்க்க?

பக்கத்து நாற்காலியில் யாரோ ஒருத்தியின் மகள்
சுவர்ப் படத்தைக் காட்டிக் காட்டி
"மாங்கா, மாங்கா" என்று
கிளினிக்கையே கூட்டிக்கொண்டிருந்தாள்.
யா என்று குறித்தேன்.

"மிஸ்ஸி என்ன சொன்னாங்க?"
"எல்லாம் சரியாம்."
"ஆம்பளப் பிள்ள, லேட்டாத்தான் பேசுவான்"
என்று சோற்றைப் பிசைந்தார் பாலகுரு.

ஒரு வருஷம் அந்த யா
எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டது.
அவர் லோரியிலிருந்து உதிர்ந்த பழங்களை
அவன் வாசல் நெடுக அடுக்குவான்.
ஒன்று உருண்டால் போதும்,
தாமான் முழுக்கக் கதவு திறக்கும்.

இரண்டரை வயதுச் சோதனைக்கு
நோராய்னி புதுத் தாளை எடுத்தாள்.
பழைய தாளைக் கேட்டேன்.
மலாயில் தொடங்கி, பாதியில் தமிழுக்குள் விழுந்து,
அவளுக்குத் தமிழ் தெரியாது என்பது உறைத்து,
கடைசியில் அந்தக் கட்டத்தை
விரலால் சுட்டிக் காட்டினேன்.

அவள் திட்டவில்லை. தேற்றவுமில்லை.
ரூலரை வைத்து யாவின்மேல் கோடு இழுத்து
ஓரத்தில் கையெழுத்தும் தேதியும் போடச் சொன்னாள்.
எங்கள் ஆலையிலும் அதே சட்டம்தான்:
வெள்ளை பூசக்கூடாது,
தவறு கோட்டுக்கு அடியில் தெரியவேண்டும்.

சிகாமட் ஆஸ்பத்திரிக்குக் கடிதம்.
நான்கு மாதம் கழித்துத்தான் தேதி.
சொன்னபோது பாலகுரு சாவியை எடுத்துக்கொண்டு
வெளியே போனார்.
பதினோரு மணிக்கு வந்து செருப்பைக் கழற்றாமலே நின்றார்.
"பொய்யா எழுதுன?"
"ஆமா."
"நானும் பார்த்தேன்லா,
கையப் புடிச்சு இழுக்கறத."
அவ்வளவுதான். விளக்கை அணைத்தார்.

பேச்சுப் பயிற்சி தரும் யோங் என்ற பெண்
தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.
எந்த மொழியில் பேசுவது என்று கேட்டேன்.
"உனக்குத் தூக்கத்தில் வரும் மொழியில்."
குமிழ் ஊது, நிறுத்து,
ஐந்துவரை எண்ணிக் காத்திரு,
அவன் கேட்குமுன் கொடுத்துவிடாதே.
நடந்ததை ஒரு நோட்டில் எழுது.

இப்போது சாயங்காலங்களில்
பத்து டன் குலை இழுக்கிற மனிதர்
பாயில் குப்புறப் படுத்து
சவுக்கார நுரை ஊதுகிறார்.
ஊதிவிட்டு, மூச்சையும் பிடித்துக்கொண்டு,
ஒண்ணு, ரெண்டு, மூணு...
ஐந்துக்குள் அவருக்கே பொறுமை போய்விடும்.
மறுபடி ஊதுவார்.

நேற்று நான்கில்
அவன் குமிழைப் பார்க்கவில்லை.
குமிழ் இருந்த இடத்துக்குப் பின்னால்
அவர் முகத்தைப் பார்த்தான்.
இன்னும் சுட்டவில்லை. சொல் ஒன்றும் இல்லை.
அடுத்த கணம் பழ வரிசைக்குத் திரும்பிவிட்டான்.

எங்கள் தராசு பத்துக் கிலோவுக்குக் குறைந்ததைக் காட்டாது.
நோட்டில் எழுதினேன்:
பார்த்தான். ஒரு நொடி.
இரண்டு என்று எழுதக் கை துறுதுறுத்தது.
ஒன்று. தேதி. கையெழுத்து.