வெண்கட்டிக் கோடு

ஏழாம் மாதம்.
குனிந்து செருப்பு வாரைப் போட முடியவில்லை.
யதுர்ணா போட்டுவிடுகிறாள்,
இடதை வலதில்.
சரியென்று அப்படியே நடக்கிறேன்
கிளினிக்குக்கு.

களுவாஞ்சிகுடியில் புதன்கிழமை என்றால்
வாங்கு முழுக்க வயிறுகள்.
மிஸ்ஸி கொப்பியைப் புரட்டி
"மூண்டாவதா?" என்கிறா.
"ஓம் மிஸ்ஸி."
மறுகா ஒன்றும் கேட்கவில்லை.
பேனைதான் கொஞ்சம் அழுத்தி எழுதியது.
நிறை அறுபத்தொன்றரை.
அதில் மிதுஷனைக் கழிக்கவேண்டும்.
தராசில் என் காலைக் கட்டிக்கொண்டு
அவனும்தான் நின்றான்.

திரிபோஷா இரண்டு பை.
எனக்கென்றுதான் தந்தார்கள்.
தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டு உருட்டி
பன்னிரண்டு உருண்டை எண்ணி வைத்துவிட்டு
உடுப்புக் காயப்போட்டு வந்தால்
நாலு.
இரண்டு வாயிலும் மா.
"பாப்பா கேட்டிச்சி" என்கிறான் மிதுஷன்
கண்ணும் சிமிட்டாமல்.

சுதேசன் மின்சார சபையில் மானி வாசிக்கிறவர்.
குருமண்வெளியில் பாதையேறி
மண்டூர்ப் பக்கமெல்லாம் அலைந்து
நாய்களுக்குப் பயந்து மதிலால் எட்டிப் பார்த்து
புழுதிக் காலோடு வருவார்.
கால் கழுவமுன்னம் என் வயிற்றில் காதை வைத்து
"இந்த மாதம் நூற்று நாற்பது அலகு,
போன மாதத்தைவிடக் கூட" என்பார்.
"பில்லை ஆர் கட்டுற?" என்பேன்.
சிரிப்பார்.
கொஞ்ச நேரத்தில் அந்தச் சிரிப்பு
பால்மா விலையை யோசிக்கத் தொடங்கிவிடும்.

நேற்று யதுர்ணா கேட்டாள்,
"அம்மா, பாப்பா எங்க படுக்கும்?"
ஒரே அறை. ஒரே நுளம்புவலை.
சுவரோடு அவர், பிறகு அவள், பிறகு நான்,
கதவுப்பக்கம் மிதுஷன்.
"பார்ப்பம்" என்றேன்.
நாங்கள் பார்ப்பம் என்றால் என்னவென்று
அவளுக்கு நன்றாகத் தெரியும்.
பள்ளிச் சட்டைப் பையிலிருந்து
வெண்கட்டித் துண்டொன்றை எடுத்தாள்.
பாயைச் சுருட்டினாள்.
சீமெந்துத் தரையில் பாவையைக் கிடத்திச்
சுற்றிவரக் கோடு கீறினாள்.
பாவை வளராது, பாப்பா வளரும் என்று
யோசித்திருக்க வேண்டும்,
ஒரு சாண் தள்ளி இன்னொரு கோடு.
அவளுக்கும் எனக்கும் நடுவில்.
"ஒருத்தரும் மிதிக்கப்படா."

மிதுஷன் மிதித்தான்.
அடி விழுந்தது.
அழுகை கேட்டு ரஜிதாக்கா மதிலுக்கு மேலால்
"என்னகா, இப்பவே இப்பிடியெண்டா?" என்றா.

என்னத்தைச் சொல்ல.
இவன் வந்தபோது அவளை
இடுப்பிலிருந்து இறக்கிவிட்டேன்.
இப்போது இவனை இறக்குகிறேன்.
மூன்று வயசு.
"தூக்கு" என்று இரண்டு கையையும் நீட்டுவான்.
"அம்மாக்கு ஏலா மனே."
இதை நாளைக்கு எத்தனை தரம் சொல்கிறேனோ.
முந்தாநாள் கிணற்றடியில் விழுந்தவன்
என்னைப் பார்க்கவேயில்லை.
தானாய் எழும்பி முழங்காலைத் தட்டி
பக்கத்தில் நின்ற கோழிக்குச் சொன்னான்:
"அம்மாக்கு ஏலா."

தரை துடைக்கையில்
அந்தக் கோட்டைச் சுற்றித் துடைத்தேன்.

இரவு மழைக்குக் கரண்ட் நின்றது.
சுதேசன் டோர்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
எங்கள் வலையையும்
அக்கா வீட்டுப் பழைய வலையையும்
தங்கூசால் ஒன்றாய்த் தைத்தார்.
பாதி நீலம், பாதி ரோஸ்,
தையல் ஆற்றுப்போக்கில்.
"அஞ்சு பேருக்கும் காணும்" என்று
தானே உள்ளே புகுந்து படுத்துக் காட்டியவர்
அப்படியே நித்திரையாகிவிட்டார்.

விடிய மூன்று மணியிருக்கும்.
புரண்டு படுக்க ஏலாமல் விழித்தேன்.
என்னை எப்போது ஏறிக் கடந்து வந்தானோ,
பாய்க்குக் கீழே கிடக்கும் கோட்டுக்குள்
மிதுஷன்
காலை மடக்கி, தலையைச் சுருக்கி,
தன்னைப் பாதியாக்கிக்கொண்டு
சரியான அளவில் படுத்திருக்கிறான்.
முதுகு என் வயிற்றோடு.

உள்ளேயிருந்து ஓர் உதை.
கண்ணைத் திறக்காமலே தோளைக் குலுக்கி
"அங்கால போ" என்றான்.
இன்னோர் உதை.

யதுர்ணாவை எழுப்பிக் காட்டலாமா
என்று நினைத்தேன்.
வேண்டாம்.
அடி விழும்.