பிளாஸ்திரிக் கணக்கு

ஈசூனில் ஓர் உயர்நிலைப் பள்ளி.
பதினோரு வருடமாய் அலுவலக முகப்பில்
உட்கார்ந்திருக்கிறேன்.
முதலுதவிப் பெட்டியின் சாவி என்னிடம்.

தணிக்கைக்கு வந்தவர் மரியாதையாகத்தான் கேட்டார்:
"சென்ற பருவத்தைவிட நான்கு பெட்டி பிளாஸ்திரி கூடுதல்.
திடலில் விபத்து எதுவும் பதிவாகவில்லையே?"

இல்லை ஐயா, விபத்து இல்லை.

உயர்நிலை இரண்டு.
ஜெய்ரூபன் என்று வைத்துக்கொள்வோம்,
உண்மைப் பெயரை எழுத எனக்கு அனுமதியில்லை.
இடைவேளை மணி அடித்ததும் வருவான்,
விரலை நீட்டுவான்.
நகத்தைச் சுற்றிக் கடித்த தோல், அவ்வளவுதான்.
ஒட்டுவேன்.
ஒரு பிளாஸ்திரியை எவ்வளவு மெதுவாக ஒட்டலாம் என்பது
பழகப் பழக வருவது.
அதற்குள் அவன் ஒரு வாக்கியம் சொல்லிவிடுவான்.
திங்கள்: "நேத்தும் தூங்கல."
செவ்வாய்: "கேன்டீன்ல எல்லாரும் என்னையே பாக்கறாங்க."
புதன் ஒன்றும் சொல்லவில்லை,
இரண்டு பிளாஸ்திரி கேட்டான்.

ஆலோசகர் இருக்கிறார். ஒருவர்.
திருமதி லாவ், பழைய வரைபட அறையில்.
சுவருக்கு அந்தப் பக்கம் இசைக்குழு ட்ரம்பெட் பழகும்.
ஆயிரத்து இருநூறு பிள்ளைகள்.
வகுத்துப் பார்த்தேன், கணக்கு எனக்கு வரும்:
வருடத்துக்கு ஒரு பிள்ளைக்கு ஐம்பது நிமிடம்,
அதுவும் அவர் கூட்டங்களுக்குப் போகாமல்,
சளி பிடிக்காமல் இருந்தால்.
ஜெய்ரூபனுக்குக் கிடைத்த தேதி
மூன்று வாரம் கழித்து, வியாழன்.

குளிர்சாதனம் சொட்டினால் ஓர் எண்ணை அழைப்பேன்,
மதியத்துக்குள் ஏணியோடு ஆள் வருவார்.
பூச்சாடித் தட்டில் தேங்கிய தண்ணீரைப் பார்க்க
வாரம் தவறாமல் வருகிறார்கள், கைவிளக்கு அடித்து.
பிள்ளைக்குள் தேங்கியதை
(இந்த வரியை அடித்துவிட்டேன்,
அறிக்கையில் இப்படியெல்லாம் எழுதக் கூடாதாம்.)

"வெளியில் பார்க்கலாமே" என்றார்.
பார்க்கலாம்.
நொவீனாவில் ஒரு மணி நேரம் என்பது
அவன் அம்மாவுக்கு மூன்று இரவு ஷிப்ட்.
சாங்கியில் விமானச் சாப்பாட்டுத் தட்டு அடுக்குகிறார்.
கையெழுத்துக்காக அழைத்தபோது
'ஊர் என்ன சொல்லும்' என்று அவர் கேட்கவே இல்லை.
"எத்தனை நாள் லீவு போடணும்?" என்றுதான் கேட்டார்.

சுவரொட்டிகள் மட்டும் வந்து சேர்ந்தன.
வழவழப்பான தாள், நல்ல அச்சு.
'பேசுங்கள், கேட்க நாங்கள் இருக்கிறோம்.'
'நாங்கள்' எத்தனை பேர் என்று
கீழே போடவில்லை.

வரவுசெலவுத் திட்டத்துக்குப் பொதுமக்கள் கருத்துச் சொல்லலாமாம்.
இரவு பதினொன்றரை. சாப்பாட்டு மேசையில் எழுதினேன்:

நன்கொடை வேண்டாம்.
அது டிசம்பரில் வந்து மார்ச்சில் தீர்ந்துவிடும்.
முன்னோட்டத் திட்டமும் வேண்டாம்.
இரண்டு வருடம் ஓட்டிப் பார்த்துவிட்டு
ஆளை வேறு இடத்துக்கு மாற்றிவிடுவீர்கள்,
பிள்ளை அப்போதுதான் வாயைத் திறந்திருக்கும்.
எங்கள் வரிப்பணத்தில்
சம்பளப் பட்டியலில் ஏறிய ஐந்து பேர் வேண்டும்.
கதவு மூடினால் மூடுகிற அறை வேண்டும்.
கை நீட்டினால் அன்றைக்கே, மூன்று வாரம் கழித்தல்ல.
செலவுதான். தெரியும்.
பில்களைக் கோப்பில் போடுகிறவள் நான்,
எதற்கு எவ்வளவு ஆகிறதென்று
என்னிடம் சொல்ல வேண்டாம்.

இன்னும் எழுத இருந்தது.
எழுத்து வரம்பு முடிந்தது என்று திரை சொன்னது.

தணிக்கைப் படிவத்தில் 'காரணம்' என்ற கட்டம்
மூன்று விரல் அகலம்.
'காயம்' என்று எழுதிக் கொடுத்தேன்.
'எங்கே?' என்று பென்சிலில் கேட்டுத் திரும்பி வந்திருக்கிறது.

இன்று வெள்ளி. மணி அடித்துவிட்டது.
புதுப் பெட்டியைப் பிரித்து வைத்திருக்கிறேன்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன்.
அவனுக்குப் பின்னால்
நான் பெயர் அறியாத ஒரு பெண்,
உயர்நிலை ஒன்றாக இருக்கலாம்,
தன் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி
வரிசையில்.